கீழ்க்கத்தி

ஒரு நல்ல மனுஷனை, அவன் குடியிருக்கும் தெருவிலேயே நிற்கவைத்துத் திருடன் என்று சொன்னேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு புல்வெட்டும் மெஷினிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் இடையே கடலை ஒட்டிய ஒரு விடுதியில் மெக்கானிக்காக இருந்தேன். ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், சமையலறை மிக்சி, எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எல்லாம் ஓடும்போது நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஒருவனும் பார்க்க மாட்டான். செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தேன். கல்யாணம் ஆனது, நிற்கவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வருவேன், மாமல்லபுரத்தில் இறங்கி வேறு பஸ் பிடிப்பேன். பக்கத்து சீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்குப் பேச வராது. வந்தால் சண்டையாகத்தான் வரும்.

விடுதிக்கு முன்னால் மணல் ஆரம்பிக்கும் வரைக்கும் புல்வெளி. அதைக் காட்டித்தான் மேனேஜர் பெருமை பேசுவார். வெட்டியது நாலு பெண்கள், குத்தவைத்து உட்கார்ந்து, அரிவாளால். அந்தக் கோடி போய்ச் சேர்வதற்குள் இந்தக் கோடியில் புல் வளர்ந்துவிடும். வெட்டிய இடமும் நாய் பிடுங்கின மாதிரி இருக்கும். அந்தப் பெண்களின் முதுகைப் பற்றி மேனேஜர் ஒரு நாளும் பேசியதில்லை.

ஒரு நாள் மதியம் தோட்டக்காரன் பம்ப் ரூமுக்கு வந்தான். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தின் கடைசி மடையில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவன். கடைசி மடைக்குத் தண்ணீர் வருவது நின்றுபோய், பெண்டாட்டி ஊரான புதுப்பட்டினத்துக்கே வந்து குடியேறிவிட்டவன்.

“அண்ணாத்த, கொட்டாயில ஒரு இஞ்சின் கீது. வந்து பாரேன்.”

“வேலை கீது, போய்யா.”

“இன்னா வேலை? ஓடிகினு கீற மோட்டாரை மொறைச்சிகினு குந்தினு கீற. வா அண்ணாத்த.”

போனேன். எருச் சாக்குகளுக்கு அடியில் கிடந்தது. முன்னால் புல் விழுவதற்கு ஒரு தகரக் கூடை. அதற்குப் பின்னால் ஆறு கத்திகள் முறுக்கிக்கொண்டு ஓடும் ஓர் உருளை. மேலே ஒற்றைப் பிஸ்டன் பெட்ரோல் இன்ஜின். பின்னால் ஆளைக் கொல்லும் கனத்தில் இரும்பு ரோலர், இரண்டு கைப்பிடி. பித்தளைத் தகட்டில் தேய்ந்துபோன இங்கிலீஷ் எழுத்து. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கோ ஒரு கிளப்பில் ஓடியதாம். விடுதியின் பழைய முதலாளி ஏலத்தில் எடுத்துவந்து போட்டாராம். போட்டதோடு சரி. புகைக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. உப்புக்காற்று தின்றது போக மிச்சம்தான் இருந்தது.

“ஓடுமா?” என்றான்.

“ஓடாது.”

“அப்ப ஓட வெக்கலாம்.”

அவன் அப்படித்தான். செத்த செடிக்கும் இன்னும் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பவன்.

பிஸ்டன் இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து உள்ளே ஊற்றி ஊறவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் வந்து சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்போம். அசையாது. மறுபடி ஊற்றுவேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு விரற்கடை அசைந்தது. அவன் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள், பாம்பு என்று நினைத்து.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் காயிலைச் செங்கல்பட்டில் ஒரு வைண்டிங் கடையில் கொடுத்துப் புதிதாகச் சுற்றவைத்தேன். பிஸ்டன் ரிங்குக்காகச் சென்னையில் பழைய உதிரி விற்கும் தெருவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். கடைசியில் கிடைத்ததும் வேறு எதற்கோ செய்த ரிங்தான், அரம் போட்டுச் சரிசெய்தேன். ஆக்சிலேட்டர் கம்பிக்கு சைக்கிள் பிரேக் கம்பி. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அறைக்குப் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அதனால் செய்தேன். பிறகு அவன் இருந்தான், அதனாலும் செய்தேன். இதை அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இன்ஜின் முதலில் கிளம்பிய நாளில் குழாயிலிருந்து மிச்சமிருந்த குளவிமண் தெறித்து மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. வெள்ளைப் புகை. அரிவாள் பெண்கள் நாலு பேரும் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி மட்டும் திரும்பிவந்து பார்த்துவிட்டு, “இது வெட்டுமா, வெடிக்குமா?” என்று கேட்டாள்.

வெட்டவில்லை. அதற்குக் காரணம் நான்.

இந்த மெஷின் அரிவாள் மாதிரி வெட்டாது, கத்திரிக்கோல் மாதிரி வெட்டும். சுற்றும் உருளையில் ஆறு கத்திகள். அதற்கு அடியில் தரையை ஒட்டி அசையாமல் நிற்கும் தட்டையான ஒரு கத்தி. அதைக் கீழ்க்கத்தி என்போம். மேலே சுற்றும் கத்தி கீழ்க்கத்தியைத் தொட்டும் தொடாமலும் உரசிப் போகும்போது நடுவில் மாட்டிய புல் அறுபடும். இது எனக்குத் தெரியாது. கத்தி என்றால் கூராக இருக்க வேண்டும் என்று நினைத்து, உருளையைக் கழற்றிச் செங்கல்பட்டில் ஒரு கொல்லுப்பட்டறையில் கொடுத்தேன். அந்த ஆள் ஆறு கத்திக்கும் அரிவாளுக்குப் போடுகிற சாணையைப் போட்டு, காகிதம் மாதிரி மெல்லிசாக்கிக் கொடுத்துவிட்டார். ஓட்டிப் பார்த்தால் புல்லைச் சப்பிச் சப்பித் துப்பியது.

தோட்டக்காரன் விரலால் கத்தியைத் தடவிப் பார்த்தான். “அண்ணாத்த, இதுல புல்லு வெட்ட முடியாது. மேனேஜருக்கு வேணா ஷேவிங் பண்ணலாம்.”

எனக்குச் சிரிப்பு வராது. அன்று வந்தது.

அந்தத் தப்பைச் சரிசெய்ய நாலு மாதம். ஆட்டுக்கல்லில் மாவு அரைப்பது போல, வால்வு அரைக்கும் பசையைத் தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கீழ்க்கத்தியோடு உரசவிட வேண்டும். அவன் கைப்பிடி போட்டுச் சுற்றுவான். நான் ஸ்க்ரூவைக் கால் திருகு, அரைக் கால் திருகு என்று இறக்குவேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு கத்திக்கும் நடுவில் காகிதம் கொடுத்துப் பார்ப்போம். அவன் ரிசப்ஷனில் கிழிக்கும் தினசரிக் காலண்டர் தாள்களைச் சேர்த்துக்கொண்டு வருவான். ஒவ்வொன்றையும் வெட்டுவதற்கு முன்னால் படிப்பான்.

“இன்னிக்கு உனக்கு ‘சுகம்’னு போட்டுகீது அண்ணாத்த.”

“அது போன மாசத் தாளுய்யா.”

“போன மாசம் சுகமா இருந்தியா இல்லியா, அத சொல்லு.”

தாள் இடது பக்கம் சுத்தமாக அறுபடும், வலது பக்கம் மடங்கிக்கொள்ளும். மறுபடி சுற்றுவோம்.

சாமி விஷயத்தில் மட்டும் அவனுக்கும் எனக்கும் ஆகாது. அவன் புதுச் செடி நட்டால் கற்பூரம் கொளுத்துவான். நான் எதற்கும் கும்பிட மாட்டேன். என் அப்பா லாரி மெக்கானிக். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்பேனரையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்தவர். ஒரு வருஷம் பூஜை முடிந்த மறுநாள், மாலைகூடக் கழற்றாத லாரி, ஜாக்கி சரிந்து, அவர் இடுப்பின் மேல் உட்கார்ந்தது. மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து செத்தார். அதற்குப் பிறகு பொட்டு வைத்த இரும்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதைத் தோட்டக்காரனிடம் சொன்னேன். “அது ஜாக்கி செஞ்ச தப்பு, சாமி இன்னா பண்ணும்?” என்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அடுத்த ஆயுத பூஜை நெருங்கியது. பூஜைக்கு முன்னால் எல்லா இடத்திலும் சுத்தம் செய்து பழைய இரும்பைக் கழிப்பது வழக்கம். மேனேஜர் கொட்டகைக்கு வந்தார்.

“இந்தச் சனியனையும் போட்டுருங்க. பூசைக்கு முந்தின நாள் ஒரு வண்டி வருது, விஜயதசமி அன்னிக்கு இன்னொரு வண்டி வருது.”

“சார், இன்னும் ஒரு வேலைதான். முடிச்சா ஓடும்.”

“ஒன்றரை வருஷமா இதையேதான் சொல்ற. விஜயதசமிக்குள்ள வெட்டிக் காட்டு. இல்லாட்டி ரெண்டாவது வண்டில ஏத்திடுவேன்.”

அந்த ஒரு வேலை கீழ்க்கத்தி. நடுவில் குழி விழுந்திருந்தது. கழற்றிச் செங்கல்பட்டுக்கு எடுத்துப்போய், ஒரு லேத் பட்டறையில் மட்டமாக இழைத்து, பூஜைக்கு முந்தின நாள் கொண்டுவந்தேன். பம்ப் ரூம் அலமாரியில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைத்தேன். மறுநாள் பூஜை லீவு, விடுதியில் பாதி ஆள் இருக்க மாட்டார்கள். தொந்தரவில்லாமல் மாட்டி வெட்டிப் பார்த்துவிடலாம் என்று கணக்கு.

விடுதிப் பூஜையை முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிட்டார்கள். ஜெனரேட்டருக்குச் சந்தனம், வேனுக்கு மாலை, மிக்சிக்குக்கூடப் பொட்டு. தோட்டக்காரன் சந்தனக் கிண்ணத்தோடு எங்கள் மெஷினிடம் வந்தான்.

“கிட்ட வராத” என்றேன்.

“அண்ணாத்த, ஒரே ஒரு பொட்டு. இத்தினி நாளா ஓடாததுக்கு இன்னா காரணம்னு நெனைக்கிற? ஒரு பூசைகூட பாக்கல இது.”

“இது ஓடாததுக்குக் காரணம் கொல்லுப்பட்டறைக்காரன். கிண்ணத்த எடுத்துகினு போறியா, இல்ல தூக்கி எறியட்டுமா?”

அவன் போனான். முகம் சுருங்கித்தான் போனான். நான் பஸ் பிடித்து அறைக்குப் போனேன். நான் கிளம்பும்போது அவன் உடைந்த மண்வெட்டிகளையும் பூவாளிகளையும் முதல் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பம்ப் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம்.

மறுநாள் காலை வந்து கதவைத் திறந்தேன். அலமாரியில் செய்தித்தாள் இருந்தது. கீழ்க்கத்தி இல்லை.

அறை முழுக்கத் தேடினேன். கொட்டகையில் தேடினேன். பழைய இரும்பு வண்டி நேற்றே போய்விட்டது. ஏற்றியவன் அவன். சாவி வைத்திருப்பவன் அவன். வாட்ச்மேனைக் கேட்டேன். “சாயங்காலம் அவரு சாக்குல சுத்தி எதோ எடுத்துகினு போனாரே” என்றான். அவ்வளவு போதுமாக இருந்தது எனக்கு. ஒன்றரை வருஷம் என்னோடு உட்கார்ந்து சுற்றியவன் அதை ஏன் விற்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நான் யோசிக்கிற ஆள் இல்லை. மாமல்லபுரம் வந்து புதுப்பட்டினம் பஸ் ஏறினேன். வழி நெடுக, சொல்லப்போவதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவன் வீடு மார்க்கெட்டுக்குப் பின்தெரு. தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டு. அவன் மச்சான், அதாவது பெண்டாட்டியின் அண்ணன், அங்கே ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோக்களுக்கெல்லாம் வாழைக்கன்று, மாலை. ஸ்பீக்கர் செட் கத்திக்கொண்டிருந்தது. நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்துக் குங்குமம் சிதறிக் கிடந்தது. தோட்டக்காரன் புதுச்சட்டை போட்டுப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அடடே, அண்ணாத்த! வூட்டுக்கு வந்துட்டியே, வா வா...”

“எங்கடா கீழ்க்கத்தி?”

ஸ்பீக்கரைவிடச் சத்தமாகக் கேட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். அவன் வாயைத் திறந்தான்.

“அது வந்து அண்ணாத்த...”

“வண்டில போட்டியா? எடைக்குப் போட்டுட்டு இங்க வந்து பொரி குடுத்துகினு கீறியா? திருட்டுப் பயலே, ஒன்றரை வருஷம் என் கூடக் குந்தி இதுக்குத்தான் நோட்டம் பாத்தியா?”

திறந்த வாயை மூடிக்கொண்டான். அவன் மச்சான் என்னை நோக்கி வந்தான். “யோவ், யாரைப் பாத்து இன்னா பேசற?” தோட்டக்காரன் கையை நீட்டி அவனைத் தடுத்தான். அவன் பெண்டாட்டி நடந்தது புரியாமல் பொரித் தட்டோடு வாசலில் இறங்கி வந்து, “உள்ள வாங்கண்ணே” என்றாள். “வேணாம்” என்றேன். உள்ளே போயிருந்தால் பார்த்திருப்பேன். வாசலிலிருந்து பத்தடி இருக்கும்.

“நாளைக்குக் காலைல வரும்” என்றான் அவன். குரல் மாறிப் போயிருந்தது. “இன்னிக்கு எடுக்க முடியாது.”

பூஜை அன்று இரும்புக் கடை மூடியிருக்கும், நாளைக்குத் திறந்ததும் திருப்பி வாங்கிவந்து கொடுக்கிறேன் என்கிறான் என்று அதையும் நான் என் பக்கத்துக்குத்தான் புரிந்துகொண்டேன். “பாத்தீங்களா, அவன் வாயாலயே சொல்றான்” என்று ஆட்டோக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

விஜயதசமி அன்று காலை பம்ப் ரூம் வாசற்படியில் ஒரு சாக்கு இருந்தது. பிரித்தேன். கீழ்க்கத்தி. மூன்று இடத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஸ்க்ரூ ஓட்டையில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பம்ப் ரூம் சாவி, கொட்டகைச் சாவி இரண்டும்.

ஆயுத பூஜையில் வைத்த சாமானை அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும். என் அப்பா ஸ்பேனரைத் தொட்டதற்காக என் கையில் அடித்திருக்கிறார், எனக்குத் தெரியாத வழக்கமில்லை. மெஷினுக்குப் பொட்டு வைக்க நான் விடவில்லை. அதனால் கீழ்க்கத்தியை மட்டும் எனக்குத் தெரியாமல் எடுத்துப்போய், தன் வீட்டில், தன் மண்வெட்டிக்கும் கத்திரிக்கும் பக்கத்தில் வைத்துப் பூஜை போட்டிருக்கிறான். மெஷின் ஓட வேண்டும் என்று. சொன்னால் நான் கத்துவேன் என்று சொல்லவில்லை. சொல்லாமலும் கத்தினேன். திருடன் என்று ஆரம்பிக்காமல் இருந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பான். மச்சான் எதிரில், பெண்டாட்டி எதிரில் அந்தப் பேர் வாங்கின பிறகு விளக்கம் கொடுக்க அவனுக்கு மனசில்லை.

வாட்ச்மேன், “முதல் பஸ்ஸுக்கே வந்து வெச்சிட்டுப் போயிட்டாரு. வேலைக்கு இனி வர்லன்னு சொல்லச் சொன்னாரு” என்றான்.

நான் செய்ததைச் சொல்கிறேன். பின்னாலேயே ஓடவில்லை. சந்தனத்தைத் துணியால் துடைத்துவிட்டு, கத்தியை மாட்டினேன். காலண்டர் தாள் கொடுத்துப் பார்த்தேன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுத்தமாக அறுந்தது. என்ன போட்டிருந்தது என்று படித்துச் சொல்ல ஆள் இல்லை. கயிற்றைச் சுற்றி இழுத்தேன். முதல் இழுப்பில் கிளம்பியது. புல்வெளியில் இறக்கி ஓட்டினேன். போகும்போது வெளிர்பச்சை, திரும்பும்போது கரும்பச்சை, பட்டை பட்டையாக விழுந்தது, ஜமக்காளம் விரித்த மாதிரி. மேனேஜர் பால்கனியில் வந்து நின்று பார்த்துவிட்டு, “சரி, இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

இந்த மெஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் ஓட்ட, ஒருவன் கூடையைக் கழற்றிப் புல்லைக் கொட்டிவிட்டு வர. ஒரு வரிசை வெட்டி முடிப்பதற்குள் கூடை நிரம்பிவிடும். மேனேஜர் ஆள் தரேன் என்றார். வேண்டாம் என்றேன். வந்த புதுத் தோட்டக்காரர்கள் இரண்டு பேரும் என்னோடு ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அரிவாள் பெண்களைச் சமையலறைக்கு மாற்றினார்கள். வெட்டுமா வெடிக்குமா என்று கேட்டவள், “அவரு இருந்தா சிரிச்சிகினாவது இருப்பாரு” என்று ஒரு நாள் என் காதில் விழும்படி சொன்னாள்.

அவன் மாமல்லபுரத்தைத் தாண்டி, ரோட்டோரத்தில் செடி விற்கும் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தான். நான் வரும் வழியில்தான். தினமும் காலையில் பஸ் அதைக் கடக்கும். பெரும்பாலும் முதுகுதான் தெரியும், குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். பச்சைச் சட்டை போட்டிருக்கிறானா, காவிச் சட்டையா என்று பார்ப்பேன். ஒரு முறை கால் கட்டோடு நொண்டினான். என்ன ஆச்சு என்று இறங்கிக் கேட்டிருக்கலாம். நர்சரி வாசலிலேயே ஸ்டாப்பிங். ஒரு வார்த்தை, என் மேல்தான் தப்பு என்று. எத்தனையோ முறை எழுந்து படிக்கட்டு வரைக்கும் போயிருக்கிறேன். “எறங்கறியா இல்லியாப்பா?” என்று கண்டக்டர் கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்து உட்காருவேன்.

இப்படி ஐந்தாறு வருஷம் ஓட்டினேன். பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். ஒரு நாள் காலை பஸ் வந்தபோது நர்சரி இல்லை. வெறும் செம்மண்ணும் ஒரு ஜேசிபியும் நின்றன. உடைந்த தொட்டி ஒன்று கிடந்தது. அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. அந்த முதுகைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு நாளும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கீழ்க்கத்தியைக் கழற்றினேன். ஆறு ஸ்க்ரூ. கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு, சாக்கில் சுற்றினேன். மறுநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு புதுப்பட்டினம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். எனக்கு நம்பிக்கை எதுவும் வந்துவிடவில்லை. இப்போதும் இல்லை. வெறும் கையோடு போய் நிற்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தெரு அப்படியேதான் இருந்தது. ஆட்டோக்கள் பாதி மாறியிருந்தன. ஸ்பீக்கர் இன்னும் பெரிதாகியிருந்தது. அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். முன்தலையில் முடி இல்லை. என்னைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான்.

“இன்னா?” என்றான்.

“இத பூசைல வெக்கணும்.”

“உனக்குத்தான் இதுல நம்பிக்கை கெடயாதே.”

“உனக்குக் கீதே.”

“எனக்குக் கீது. அதுக்கு நீ இன்னா பேர் வெச்ச?”

அண்ணாத்த என்று சொல்லவில்லை. கவனித்தேன். வீட்டுக்குள் கூப்பிடவும் இல்லை. தெருமுனையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் புரிந்தது. ஆட்டோ ஸ்டாண்டை நோக்கி நடந்தேன். அவன் மச்சான் ஓர் ஆட்டோவுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தான். நன்றாகப் பருத்திருந்தான். ஸ்பீக்கரை மீறிக் கத்த வேண்டியிருந்தது. கத்துவது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அன்று இரண்டு முறை ஆரம்பித்து நிறுத்தினேன்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அவன் கத்திய விக்கல. பூசைல வெச்சிருந்தான். திருடன்னு சொன்னது என் தப்பு.”

ஆட்டோக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “யார்ரா இது?” என்றான் ஒருவன். “காலைலயே ஏத்திகினு வந்துட்டாரா?” என்றான் இன்னொருவன்.

மச்சான் மாலையை விட்டுவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தான். “இன்னா கத்தி? யாரு திருடன்?”

“உன் தங்கச்சி வூட்டுக்காரரை. இதே எடத்துல. பூசை அன்னிக்கு. நீ என்னை அடிக்க வந்த.”

“எதோ ஒரு தகராறு... ஆமா, கீது ஞாபகம். நீதானா அது?” என்றான். “அத விடு சார், எப்பவோ நடந்தது. பொரி எடுத்துக்க.”

இத்தனை வருஷமும் அந்தத் தெரு முழுக்க அந்தச் சொல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவனுக்கும் ஞாபகம் இல்லை. இரண்டே பேருக்குத்தான் இருந்தது. திரும்பி நடந்தேன். அவன் வாசற்படியிலேயே நின்றான், எல்லாம் கேட்டிருக்கும். கையை நீட்டிச் சாக்கை வாங்கிக்கொண்டான். பிரித்து, கட்டை விரலால் கத்தியின் ஓரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிப் பார்த்தான்.

“நாளைக்குக் காலைல வா. இன்னிக்கு எடுக்க முடியாது.”

உள்ளே போனான். அவன் பெண்டாட்டி பொரித் தட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்று அத்தனையையும் தின்றேன். நாட்டுச் சர்க்கரை கலந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் பிடித்தேன். வாசலில் கோலம் ஈரம் காயாமல் இருந்தது. அவள்தான் வந்தாள். சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம், அன்று வைத்த அதே மாதிரி.

“அவரு?”

“இப்போதான் கெளம்பினாரு அண்ணே. கோவளம் பக்கம் ஒரு பங்களாவுல வேலை. சீக்கிரம் போவணும்னாரு.”

நான் வருவேன் என்று தெரிந்துதான் கிளம்பியிருக்கிறான். அவளுக்கும் அது தெரியும், முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“எதனா சொன்னாரா?”

“சொன்னாரு. எடது பக்கம் தேஞ்சிகீதாம். மூணாவது ஸ்க்ரூவ ரொம்ப இறுக்காதீங்கன்னு சொல்லச் சொன்னாரு.”

“சரி” என்றேன். இன்னும் கொஞ்சம் நின்றேன். அவள் கதவைச் சாத்தவில்லை. வந்துவிட்டேன்.

விடுதிக்கு வந்து கத்தியை மாட்டினேன். சந்தனத்தைத் துடைக்கவில்லை. முதல் வரிசையிலேயே புல்லின் ஈரத்தில் அது கரைந்துபோனது. மூன்றாவது ஸ்க்ரூவை அரைத் திருகு தளர்த்தித்தான் வைத்தேன். அவன் சொன்னது சரி. கொஞ்ச காலமாகவே இடது பக்கம் ஒரு விரல் அகலத்துக்குப் புல் நின்றுகொண்டே இருந்தது, அதைச் சரிசெய்யத் தெரியாமல் இருந்தேன். அன்று நிற்கவில்லை. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் இன்ஜினை நிறுத்தி, கூடையைக் கழற்றி, நானே சுமந்துபோய்க் கொட்டிவிட்டு வந்து, மறுபடி கயிற்றைச் சுற்றினேன்.